வேல்ஸ் நாடும் வெல்ஷ் மொழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேல்ஸ் என்றதும் இளவரசர் பட்டமும் ரக்பி விளையாட்டும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்நாட்டைப் பற்றி எழும் கேள்விகளில் பெரும்பாலானவை, எந்த இடத்தில் தொடங்கினாலும், அதன் மொழியிடமே வந்து சேர்கின்றன. கீழுள்ள விடைகளிலும் மொழியே அதிக இடம் பெற்றிருப்பதற்கு அதுவே காரணம்.

வேல்ஸ் இங்கிலாந்தின் ஒரு பகுதியா, தனி நாடா?

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றைப் போல வேல்ஸும் ஐக்கிய இராச்சியத்தின் உறுப்பு நாடுகளுள் ஒன்று. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 31 லட்சம் பேர் வாழ்கிறார்கள். தலைநகர் கார்டிஃப், அத்தகுதியை 1955ஆம் ஆண்டில்தான் பெற்றது.

குழப்பத்தை உண்டாக்கியது சட்டமே. எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1536, 1543 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தின் ஆட்சி அமைப்போடு இணைத்தன. 1746இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், நாடாளுமன்றச் சட்டங்களில் 'இங்கிலாந்து' என்று வரும் இடமெல்லாம் வேல்ஸும் அடங்கியதாகவே கொள்ள வேண்டும் என்று விதித்தது. இந்த விதி நீக்கப்படுவதற்கு 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1997 செப்டம்பர் 18 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், வெறும் 6,721 வாக்குகள் வித்தியாசத்தில், தனக்கென ஒரு பேரவை வேண்டும் என்று வேல்ஸ் முடிவு செய்தது. 1999இல் தொடங்கிய அந்தப் பேரவை, 2020 முதல் 'செனெத்' என்ற வெல்ஷ் பெயரால் அழைக்கப்படுகிறது.

'வேல்ஸ் இளவரசர்' ஏன் ஆங்கிலேய அரச குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கிறார்?

அந்தப் பட்டம் போரில் கைப்பற்றப்பட்டது. வேல்ஸ் முழுவதற்கும் இளவரசர் என ஆங்கில அரசாலும் ஏற்கப்பட்டிருந்த லவெலின் அப் கிரிஃபித், 1282 டிசம்பர் 11 அன்று கில்மெரி என்ற ஊருக்கு அருகில் கொல்லப்பட்டார். வென்ற முதலாம் எட்வர்ட், கைர்னார்வன், கான்வி, ஹார்லெக் முதலிய இடங்களில் மாபெரும் கோட்டைகளை எழுப்பினார். 1301இல் தம் மகனுக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டினார். அன்றிலிருந்து அது ஆங்கில முடியின் வாரிசுக்கு வழங்கப்படும் பட்டமாயிற்று. இன்று சுற்றுலாப் பயணிகள் வியந்து படம் எடுக்கும் அக்கோட்டைகள், வெல்லப்பட்ட மக்களை அடக்கி வைக்கக் கட்டப்பட்டவை என்பதை அங்கே செல்கிறவர்கள் மனத்தில் கொள்வது நல்லது.

வெல்ஷ் மக்களே ஏற்றுக்கொண்ட கடைசி இளவரசர் ஓவைன் கிளின்தூர். 1400இல் கிளர்ந்தெழுந்த அவர், 1404இல் மக்கன்லெத் என்ற ஊரில் தமது நாடாளுமன்றத்தைக் கூட்டினார். போரில் தோற்றாலும் அவர் பிடிபடவில்லை, அவரை யாரும் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அந்த மக்கள் தங்கள் நாட்டை எப்படி அழைக்கிறார்கள்?

நாட்டுக்குக் 'கம்ரி' என்று பெயர், மொழிக்குக் 'கம்ரைக்'. 'ஒரே நிலத்தைச் சேர்ந்தவர்கள்' என்ற பொருள் தரும் பழைய பிரித்தானியச் சொல்லிலிருந்து கம்ரி பிறந்தது. 'வேல்ஸ்' என்பதோ, 'அந்நியர்' என்ற பொருளில் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய சொல்லின் வழிவந்தது. பின்னால் வந்து குடியேறியவர்கள், முன்பிருந்தே அங்கு வாழ்ந்தவர்களை அந்நியர் என்று அழைத்த பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது.

வெல்ஷ் என்பது ஆங்கிலத்தின் வட்டார வழக்கா?

இல்லை. ஆங்கிலம் ஜெர்மானியக் கிளையையும் வெல்ஷ் கெல்டிக் கிளையையும் சேர்ந்தவை. கார்ன்வாலின் கார்னிஷும் பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பேசப்படும் பிரெட்டனும் அதன் நெருங்கிய உறவுகள். அயர்லாந்தின் ஐரிஷும் ஸ்காட்லாந்தின் கேலிக்கும் சற்று விலகிய உறவுகள். ஆங்கிலேயரின் மூதாதையர் தீவில் கால்வைப்பதற்கு முன்பு பிரிட்டனின் பெரும்பகுதியில் பேசப்பட்ட மொழியின் நேரடி வாரிசு வெல்ஷ்.

வெல்ஷ் சொற்களில் உயிரெழுத்தே இல்லையா?

ஆங்கிலக் கண்ணோடு பார்ப்பதால் ஏற்படும் மயக்கம் இது. ஆங்கிலத்தில் மெய்யாக வழங்கும் 'டபிள்யூ' என்ற எழுத்து வெல்ஷில் பெரும்பாலும் உகரத்தைக் குறிக்கும் உயிர். 'ஒய்' எழுத்தும் உயிரே. இவற்றோடு சேர்த்து அம்மொழியில் ஏழு உயிரெழுத்துகள் உள்ளன. இரண்டு உரோமன் எழுத்துகளைச் சேர்த்து எழுதி ஒரே எழுத்தாகக் கொள்வதும் உண்டு. 'எல்' எழுத்தை இரட்டித்து எழுதும்போது வரும் ஒலியை எழுப்ப, நாவை லகரத்துக்குரிய இடத்தில் வைத்து, குரலை எழுப்பாமல் இரு பக்கமும் காற்றை மட்டும் விட வேண்டும். அதற்குத் தமிழில் எழுத்து இல்லாததால், இங்கே ஊர்ப்பெயர்களில் லகரமாகவே எழுதப்பட்டிருக்கிறது.

ஆங்கில்சீ தீவில் உள்ள, 58 எழுத்து நீளமுள்ள பெயரைக் கொண்ட ஊரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வெல்ஷ் முறையில் எண்ணினால் அது 51 எழுத்துதான். அந்த நீளப் பெயர் பழமையானதும் அன்று. 1860களில், ரயில் நிலையத்துக்குப் பயணிகளை ஈர்ப்பதற்காக ஊரின் இயல்பான பெயரோடு மேலும் சில சொற்களைக் கோத்து உருவாக்கினார்கள். ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'லான்வைர்பூல்' என்றே சொல்கிறார்கள். இந்த ஒரு பெயரைக் காட்டி வெல்ஷை வேடிக்கை மொழியாகப் பேசுவது, நல்ல இலக்கியம் உள்ள ஒரு மொழிக்குச் செய்யும் அநீதி என்று கருதுகிறேன்.

ஒரே சொல்லின் முதலெழுத்து ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

வெல்ஷ் கற்பவர்களைத் தொடக்கத்தில் மிகவும் திகைக்க வைப்பது இதுவே. 'பூனை' என்பதற்கான சொல் 'காத்'. 'என் பூனை' என்னும்போது முதல் ஒலி மூக்கொலியாகி 'ஙாத்' என்பது போல ஒலிக்கும். 'அவனுடைய பூனை' என்னும்போது ககரம், 'தங்கம்' என்ற சொல்லில் வருவது போன்ற மெலிந்த ககரமாகும். 'அவளுடைய பூனை' என்னும்போது அது தொண்டையை உரசிவரும் ஒலியாக மாறும். 'அவனுடைய', 'அவளுடைய' ஆகிய இரண்டுக்கும் 'ஈ' என்று ஒலிக்கும் ஒரே சொல்தான் இருப்பதால், பூனைக்கு உரியவர் ஆணா பெண்ணா என்பதை அந்த முதலெழுத்தின் மாற்றத்தைக் கொண்டே அறிகிறார்கள்.

'கத்தி கொண்டு வந்தான்' என்பதற்கும் 'கத்திக்கொண்டு வந்தான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே ஓர் ஒற்றில் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு, இது முற்றிலும் புதியதன்று. நம் புணர்ச்சியில் ஒலி மாற்றம் பெரும்பாலும் இரு சொற்கள் கூடும் எல்லையில் நிகழ்கிறது. வெல்ஷில் அது பின்வரும் சொல்லின் தலையிலேயே நிகழ்கிறது. அகராதியில் சொல்லைத் தேடுபவர், மாறிய முதலெழுத்தின் மூலம் எது என்று அறிந்திருந்தால்தான் தேட முடியும். நாட்டின் பெயரும் இதற்கு விலக்கன்று. எல்லையில் உள்ள வரவேற்புப் பலகையில் 'கம்ரி' என்பதன் முதலெழுத்து மெலிந்த ககரமாக மாறியே எழுதப்பட்டிருக்கும்.

அரசின் ஆதரவு இல்லாமல் வெல்ஷ் எப்படி இத்தனை நூற்றாண்டுகள் பிழைத்தது?

1536ஆம் ஆண்டுச் சட்டம், நீதிமன்றங்கள் ஆங்கிலத்திலேயே நடக்க வேண்டும் என்றும், வெல்ஷை மட்டும் பேசுபவர்கள் அரசுப் பதவி வகிக்கக் கூடாது என்றும் விதித்தது. மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆங்கிலமே தெரியாத காலம் அது. மொழி அழிவதற்கு வேண்டிய எல்லாம் அந்தச் சட்டத்திலேயே இருந்தன.

அதைக் காத்தது சமயம். சீர்திருத்தத் திருச்சபை வேல்ஸில் வேரூன்ற வேண்டும் என்றால் மக்களுக்குப் புரியும் மொழியில் மறைநூல் வேண்டும் என்பதால், 1563இல் நாடாளுமன்றம் விவிலியத்தை வெல்ஷில் மொழிபெயர்க்கக் கட்டளையிட்டது. வெல்ஷ், ஆங்கில விவிலியங்களைக் கோவிலில் அருகருகே வைத்தால், இரண்டையும் ஒப்பிட்டு மக்கள் ஆங்கிலம் கற்றுக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பும் அச்சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. நடந்ததோ அதற்கு நேர்மாறு. வில்லியம் மார்கன் என்ற பங்குக் குரு 1588இல் வெளியிட்ட முழு விவிலியம், வட்டாரம்தோறும் வேறுபட்ட பேச்சுக்கு மேலாக ஒரு பொது எழுத்து நடையை நாட்டுக்குத் தந்தது. புலவர் மரபின் செறிவான சொல்லாட்சியை அவர் அறிந்திருந்ததால், பாமரருக்கும் புரிகிற, அதே வேளையில் இலக்கியத் தகுதியும் உள்ள ஒரு நடை ஞாயிறுதோறும் ஒவ்வொரு கோவிலிலும் ஒலிக்கத் தொடங்கியது.

அதன் மேல் 18ஆம் நூற்றாண்டில் எழுத்தறிவு கட்டப்பட்டது. லான்தௌரோர் ஊரின் குருவான கிரிஃபித் ஜோன்ஸ், 1731 முதல் ஊர்ஊராக நகரும் பள்ளிகளை நடத்தினார். உழவு வேலை குறைந்திருக்கும் பருவத்தில் ஆசிரியர் ஓர் ஊரில் சுமார் மூன்று மாதம் தங்கி, சிறுவர்க்கும் பெரியோர்க்கும் வெல்ஷ் விவிலியத்தைப் படிக்கக் கற்பித்துவிட்டு அடுத்த ஊருக்குச் செல்வார். 1761இல் அவர் இறப்பதற்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு படிக்கக் கற்றனர். ஐரோப்பாவின் ஏழை நாட்டுப்புறம் ஒன்றில், அக்காலத்தில், இது பெரும் சாதனை.

பள்ளிகளில் வெல்ஷ் பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டது உண்மையா?

உண்மைதான். 19ஆம் நூற்றாண்டில் பல பள்ளிகளில், வெல்ஷ் பேசிப் பிடிபட்ட குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். வேறொரு குழந்தை வெல்ஷ் பேசினால் அது அதன் கழுத்துக்கு மாறும். நாளின் முடிவில் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தக் குழந்தைக்கு அடி விழும். இதற்கு அரசாணை எதுவும் இருந்ததில்லை. பள்ளிகள் தாமே கைக்கொண்ட வழக்கம் அது. ஆங்கிலம் தெரிந்தால்தான் பிள்ளைகள் முன்னேறுவார்கள் என்று நம்பிய பெற்றோர் பலர் அதை ஏற்கவும் செய்தனர். பக்கத்தில் விளையாடும் தோழனின் வாயிலிருந்து தாய்மொழி எப்போது நழுவும் என்று ஒரு குழந்தையைக் காத்திருக்க வைத்ததே அந்தத் தண்டனையின் மிகக் கொடிய பகுதி.

1847இல் வந்த கல்வி ஆய்வறிக்கை இந்த மனநிலையை ஆழப்படுத்தியது. நாடாளுமன்றம் அனுப்பிய மூன்று ஆணையர்களுக்கும் வெல்ஷ் தெரியாது. பள்ளிகளின் குறைகளைச் சொல்ல வந்த அவர்கள், மக்களின் ஒழுக்கத்தையும், குறிப்பாகப் பெண்களின் ஒழுக்கத்தையும் இழிவாக எழுதி, அதற்கு வெல்ஷ் மொழியையே காரணமாகக் காட்டினார்கள். அறிக்கையின் அட்டை நீல நிறத்தில் இருந்ததால், வெல்ஷ் வரலாற்றில் அது இன்றும் 'நீல நூல்களின் துரோகம்' என்றே பேசப்படுகிறது.

மொழியை மீட்கும் போராட்டம் எப்போது தொடங்கியது?

சுரங்கத் தொழில் பெருகி வெளியிலிருந்து மக்கள் குடியேறியதாலும், கல்வியும் வேலையும் ஆங்கிலத்திலேயே அமைந்ததாலும், 1901இல் மக்களில் பாதிப் பேர் பேசிய மொழி 1961க்குள் கால்பங்கினரின் மொழியாகச் சுருங்கியது. அந்த இறங்குமுகத்தில் முதலில் எதிர்த்து நின்றவர்களில் ஒரு குடும்பத்தை மறக்கக் கூடாது. லான்கென்னெக் ஊரைச் சேர்ந்த ஐலீன், டிரெவர் பீஸ்லி தம்பதியர், வரி கேட்கும் தாள் வெல்ஷில் வரும்வரை உள்ளாட்சி வரி கட்ட மாட்டோம் என்று 1952இல் மறுத்தார்கள். டிரெவர் சுரங்கத் தொழிலாளி. பலமுறை நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டு, அமீனாக்கள் வந்து வீட்டுப் பொருள்களை எடுத்துச் சென்ற பிறகும் அவர்கள் பணியவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து இருமொழியிலும் அச்சிட்ட தாள் வந்தது.

1962 பிப்ரவரியில் எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் ஆற்றிய 'மொழியின் தலைவிதி' என்ற உரை, அந்தத் தம்பதியரை எடுத்துக்காட்டாகச் சுட்டி, சட்ட மறுப்புக்கு அழைப்பு விடுத்தது. அதே ஆண்டில் வெல்ஷ் மொழிக் கழகம் தோன்றியது. 1963 பிப்ரவரி 2 அன்று அபெரிஸ்ட்வித் நகரில் டிரெவெகன் பாலத்தின் மேல் இளைஞர்கள் அமர்ந்து போக்குவரத்தை மறித்தார்கள். ஆங்கிலம் மட்டுமே இருந்த சாலைப் பலகைகள் பல இடங்களில் பெயிண்ட் பூசி மறைக்கப்பட்டன. 1980இல், வெல்ஷ் மொழிக்குத் தனித் தொலைக்காட்சி அலைவரிசை தருவதாகச் சொன்ன அரசு பின்வாங்கியபோது, முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரான க்வின்வோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாக அறிவித்தார். உண்ணாவிரதம் தொடங்கும் நாளுக்கு முன்பே அரசு இணங்கியது. அந்த அலைவரிசை 1982 நவம்பர் 1 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. 2011இல் வெல்ஷ் சட்டப்படி வேல்ஸின் ஆட்சிமொழித் தகுதியைப் பெற்றது.

சுவர்களில் காணப்படும் 'ட்ரவெரினை நினைவில் கொள்ளுங்கள்' என்ற வாசகம் எதைக் குறிக்கிறது?

ட்ரவெரின் வட வேல்ஸில் உள்ள ஒரு பள்ளத்தாக்கு. லிவர்பூல் நகரின் தண்ணீர்த் தேவைக்காக அங்கே நீர்த்தேக்கம் கட்ட 1957இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வேல்ஸின் உறுப்பினர்களில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. ஆனாலும் சட்டம் நிறைவேறியது. முழுவதும் வெல்ஷ் பேசிய காபெல் கெலின் என்ற சிற்றூர், தன் பள்ளி, கோவில், அஞ்சலகம், வீடுகள் அனைத்தோடும் 1965இல் நீரில் மூழ்கியது. லிவர்பூல் நகராட்சி 2005இல் மன்னிப்புக் கேட்டது.

அபெரிஸ்ட்வித்துக்குத் தெற்கே, சாலையோரத்தில் இடிந்து நிற்கும் ஒரு பழைய கல்வீட்டின் சுவரில் 1960களில் வெல்ஷில் எழுதப்பட்ட அந்த இரண்டு சொற்கள், அழிக்கப்பட்ட போதெல்லாம் மீண்டும் எழுதப்பட்டு வந்திருக்கின்றன. 2019இல் அந்தச் சுவர் சேதப்படுத்தப்பட்டபோது, வேல்ஸ் முழுவதும் சுவர்களில் அதே சொற்கள் தோன்றின. தன் எதிர்ப்பு எண்ணிக்கையில் எப்போதும் தோற்கும் என்பதை அந்த நாடு கண்ணால் கண்டது 1957இல்தான். பின்னாளில் தனிப் பேரவை கேட்டதன் காரணத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பள்ளத்தாக்கு போதும்.

இன்று எத்தனை பேர் வெல்ஷ் பேசுகிறார்கள்?

2021 கணக்கெடுப்பில், மூன்று வயதுக்கு மேற்பட்டோரில் 17.8 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 5,38,000 பேர், வெல்ஷ் பேசத் தெரியும் என்றனர். 2011இல் இது 19 விழுக்காடு. 2050க்குள் பத்து லட்சம் பேர் என்பது வெல்ஷ் அரசின் இலக்கு. எல்லா மாணவர்க்கும் 16 வயது வரை வெல்ஷ் கட்டாயப் பாடம், வெல்ஷ் வழிப் பள்ளிகளுக்கும் குறைவில்லை. பள்ளியில் கற்ற மொழி வீட்டிலும் கடையிலும் பேச்சாக நிலைக்குமா என்பதே அங்குள்ளவர்களின் உண்மையான கவலை.

ஐஸ்டெத்வோட் என்றால் என்ன?

கவிதைக்கும் இசைக்குமான போட்டி விழா. 1176இல் ரீஸ் பிரபு கார்டிகன் கோட்டையில் கூட்டிய அவையில், சிறந்த புலவருக்கு ஒன்றும் சிறந்த இசைவாணருக்கு ஒன்றுமாக இரண்டு நாற்காலிகள் பரிசளிக்கப்பட்டன. இன்றைய தேசிய விழாவில் மரபுக் கவிதைக்கு நாற்காலியும் புதுக்கவிதைக்கு மகுடமும் வழங்குகிறார்கள். ஆகஸ்ட் மாத முதல் வாரத்தில் ஓராண்டு வடக்கிலும் ஓராண்டு தெற்கிலும் நடக்கும் அவ்விழாவின் மேடையில், 1950 முதல் வெல்ஷ் மட்டுமே ஒலிக்கிறது. நீள அங்கி அணிந்த புலவர் குழுவின் சடங்குகள் தொன்மையானவை போலத் தோன்றினாலும், அவை ஐயோலோ மோர்கனுக் என்ற கல்தச்சர் 1792இல் லண்டனில் தொடங்கிவைத்தவை.

நாற்காலிக்குரிய கவிதை 'கங்ஹானெத்' என்ற கட்டுப்பாட்டில் அமைய வேண்டும். அதன் ஒரு வகையில், அடியின் முன்பாதியில் வரும் மெய்கள் அதே வரிசையில் பின்பாதியிலும் வர வேண்டும். 'டேக் எட்ரிஹ், டீயாக் அட்ரெவ்' என்ற பழமொழியில் ட, க, ட்ர என்ற ஒலிகள் இரு பாதியிலும் ஒரே வரிசையில் திரும்பி வருவதைக் காணலாம். 'வீட்டை நோக்கிப் பார்ப்பது இனிது' என்பது அதன் பொருள். மோனையும் எதுகையும் அறிந்தவர்களுக்கு இதன் இன்பத்தை விளக்க வேண்டியதில்லை. வேல்ஸில் இதை உழவரும் கடைக்காரரும் ஓட்டுநரும் பயின்று, வானொலியில் அணி பிரிந்து போட்டியிடுகிறார்கள்.

நாற்காலி வழங்கும்முன், தலைமைப் புலவர் ஒரு பெரிய வாளை உறையிலிருந்து பாதி இழுத்து, 'அமைதி உண்டா?' என்று மூன்று முறை கேட்பார். அவை 'அமைதி' என்று முழங்கிய பிறகே வாள் உறைக்குள் திரும்பும். 1917 செப்டம்பர் 6 அன்று பெர்க்கன்ஹெட் நகரில் வென்றவரின் புனைபெயரை மூன்று முறை அழைத்தும் எவரும் எழவில்லை. ட்ராஸ்வெனித் ஊர் மேய்ப்பரான ஹெத் வின், ஜூலை 31 அன்றே பெல்ஜியப் போர்க்களத்தில் மாண்டிருந்தார். நாற்காலியின் மேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள். 'ஹெத்' என்றால் அமைதி. அந்தக் கறுப்பு நாற்காலி அவருடைய பண்ணை வீட்டிலேயே இன்றும் இருக்கிறது.

வெல்ஷ் மக்களில் ஏன் இத்தனை ஜோன்ஸ்கள்?

முற்காலத்தில் அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயருக்கு முன் மகனைக் குறிக்கும் 'அப்' சேர்ப்பார்கள். நம் தலைப்பெழுத்தைப் போலத் தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். ஆங்கிலப் பதிவுமுறை நிலையான பெயரைக் கேட்டபோது, 'அப் ரீஸ்' என்பது பிரைஸ் ஆயிற்று, 'அப் ஹவெல்' பவல் ஆயிற்று. ஜானின் மகன்கள் ஜோன்ஸ் ஆனார்கள். அந்தப் பெயரின் முதலெழுத்து பழைய வெல்ஷ் நெடுங்கணக்கிலேயே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கொடியில் உள்ள சிவப்பு டிராகன் எங்கிருந்து வந்தது?

ஒன்பதாம் நூற்றாண்டு வரலாற்று ஏடு ஒன்றில், நிலத்தடிக் குளத்தில் சிவப்பு டிராகனும் வெள்ளை டிராகனும் சண்டையிடும் கதை உள்ளது. சிவப்பு, வெல்ஷ் மக்களின் மூதாதையரான பழைய பிரித்தானியரையும், வெள்ளை, ஆங்கிலேயரின் மூதாதையரான சாக்சன்களையும் குறிக்கும், இறுதியில் சிவப்பே வெல்லும். இன்றைய கொடி 1959இல் அதிகாரபூர்வமாயிற்று. ஐக்கிய இராச்சியத்தின் கொடியில் வேல்ஸின் அடையாளம் எதுவும் இல்லை. அக்கொடியின் முதல் வடிவம் 1606இல் உருவானபோது, வேல்ஸ் இங்கிலாந்துக்குள் அடங்கியதாகக் கருதப்பட்டதே காரணம்.

தென் அமெரிக்காவில் வெல்ஷ் பேசுகிறார்களா?

அர்ஜென்டினாவின் சுபுத் மாநிலத்தில் பேசுகிறார்கள். தங்கள் மொழியிலேயே வழிபடவும் ஆளவும் ஓர் இடம் தேடி, சுமார் 150 பேர் 'மிமோசா' என்ற கப்பலில் லிவர்பூலிலிருந்து புறப்பட்டு, 1865 ஜூலை 28 அன்று படகோனியாவில் இறங்கினார்கள். எதிர்பார்த்த பசும்புல் அங்கே இல்லை. வறண்ட நிலத்தில் பட்டினியை எதிர்கொண்ட அவர்களுக்கு, மண்ணின் மக்களான தெவெல்சே இனத்தவர் வேட்டையாடக் கற்றுக்கொடுத்தார்கள். ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிய பிறகே கோதுமை விளைந்தது. கைமன் போன்ற ஊர்களில் வெல்ஷ் தேநீர் விடுதிகளும் கோவில்களும் இன்றும் உள்ளன.

இந்தியாவோடு வேல்ஸுக்குத் தொடர்பு உண்டா?

மேகாலயாவில் ஆழமான தொடர்பு உண்டு. தாமஸ் ஜோன்ஸ் என்ற வெல்ஷ் சமயப் பணியாளர் 1841இல் சிரபுஞ்சிக்கு வந்து, காசி மொழியை உரோமன் எழுத்தில் எழுதும் முறையை அமைத்தார். வேல்ஸில் அவருடைய தாய்மொழியை ஆணையர்கள் இழித்து எழுதிய அதே பத்தாண்டில், அவர் மற்றொரு மலைமக்களின் மொழிக்கு ஏடும் பாடநூலும் உருவாக்கிக்கொண்டிருந்தார். பின்னர், காசி மக்களைச் சுரண்டிய ஆங்கில வணிகர் ஒருவரை எதிர்த்ததால் துரத்தப்பட்டு, 1849இல் கல்கத்தாவில் இறந்தார்.

காசி நெடுங்கணக்கில், வெல்ஷில் உள்ளது போலவே, 'ங' ஒலிக்குரிய இரட்டை எழுத்து ஒரே எழுத்தாகக் கொள்ளப்பட்டு, 'ஜி' எழுத்துக்கு அடுத்தே நிற்கிறது. 1856இல் பான்டிப்ரித் நகரில் தந்தை சொல்லெழுத மகன் மெட்டமைத்த வேல்ஸின் நாட்டுப்பண், ஷில்லாங்கில் காசி மொழிச் சொற்களோடு காசி மக்களின் பண்ணாக அதே மெட்டில் இன்றும் பாடப்படுகிறது.